‘வைரலாகி வருகிறது’ – இது ஒரு செய்தியா சாமி?

"இந்த வீடியோ தற்போது சமூக வலைதளங்களில் வைரலாகி வருகிறது."

மக்களே, கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நம்ம ஊர்ப் பத்திரிகைகளும் டிவிகளும் அதிகம் எழுதிய வாக்கியம் எது என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு இதற்குத்தான். மணமேடையில் மாப்பிள்ளை தூங்கி வழிந்தால் வைரல். வாழைத்தோப்பில் யானை புகுந்தால் வைரல். ஒரு மனுஷனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தாலும் அதே வைரல். மூன்றுக்கும் ஒரே வாக்கியம், ஒரே பின்னணி இசை.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். யார் எடுத்த வீடியோ? எந்த ஊர்? என்றைக்கு நடந்தது? அந்த முப்பது செகண்டுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? ஒன்றும் இருக்காது. மிஞ்சுவது ஒரே ஒரு தகவல்: நிறைய பேர் பார்த்திருக்கிறார்கள். அட, அந்த நிறைய பேரில் நானும் ஒருத்தன் தானே? நான் பார்த்ததை எனக்கே திருப்பிச் சொல்ல ஒரு நிருபர், ஒரு கேமராமேன், ஒரு எடிட்டர், ஒரு ஆபீஸ், இதெல்லாம் எதற்கு?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ எடுத்த வீடியோ என்பது ஒரு துப்பு. நிருபர் வேலை அந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. நம்ம ஆட்கள் அந்த இடத்திலேயே வேலையை முடித்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். இதனால் பொழுது வீணாவதோடு போனால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆள் செத்திருக்கிறார்கள். அதுவும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்.

நான் ஆம்பூர்க்காரன். (2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம், அதற்கப்புறம் திருப்பத்தூர் மாவட்டம். யாராவது ஊர் கேட்டால் இன்னமும் வாயில் வேலூர்தான் வருகிறது.) அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. பிரியாணிக்காக எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு வேறு விஷயம்.

*

2018-லிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது நான் ஏழாவது முடித்து லீவில் இருந்தேன். குழந்தை பிடிக்கிற கும்பல் வடக்கே இருந்து இறங்கியிருக்கிறது என்று வாட்ஸப்பில் ஆடியோ, வீடியோ, போட்டோ எல்லாம் சுற்றியது. எங்கள் தெருவில் அம்மாக்கள் ஆறு மணிக்கே பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். போர்வை விற்க வந்த ஒரு ஆளை நாலைந்து பேர் சுற்றி நின்று ஆதார் கார்டு கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஆள் மூட்டையை இறக்காமலே கார்டைத் தேடினார், கை நடுங்கியது. நான் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

அவர் தப்பித்தார். எல்லோரும் தப்பிக்கவில்லை. அந்த ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் பக்கம், இந்தி பேசிய ஒரு ஆளைக் குழந்தை கடத்துபவன் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூர். குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம், வழி தெரியாமல் நின்று விசாரித்திருக்கிறது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் குற்றம். துரத்திப் பிடித்து அடித்ததில் 65 வயது அம்மா செத்துப் போனார். மற்றவர்கள் குற்றுயிராகத் தப்பினார்கள். அதே நாளில் பழவேற்காட்டில் ஒரு ஆளை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அந்த வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எடுத்த விழிப்புணர்வு விளம்பரம்! கடைசியில் அதே ஆட்கள் பையனைத் திரும்ப இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு எவனோ பரப்பினான். வெட்டியது சில செகண்ட்தான்.

இதில் பத்திரிகைக்காரர்கள் எங்கே வந்தார்கள், இது வாட்ஸப் செய்த வேலை ஆயிற்றே என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். எங்கே வந்தார்கள்? வாரக்கணக்கில் ஊர் ஊராக இந்த வதந்தி சுற்றியபோது, "இந்த வீடியோ கராச்சியில் எடுத்தது, முழுசாகப் பாருங்கள்" என்று எங்கள் தெருவுக்கு வந்து சேரும்படி சொன்னவர் யார்? எங்கள் வீட்டு டிவியில் ஒரு லோக்கல் சேனலில் அடியில் ஓடிய வரி மட்டும் எனக்கு மறக்கவில்லை: "குழந்தை கடத்தும் கும்பல் ஊடுருவலா?" அந்தக் கேள்விக்குறி இருக்கிறதே, அதுதான் அவர்களுடைய வக்கீல். நாளைக்கு யாராவது கேட்டால், "நாங்கள் கேள்விதானே கேட்டோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் பாட்டிக்குக் கேள்விக்குறி எல்லாம் கண்ணில் படாது. "டிவியிலேயே போட்டுட்டான்" என்றார். வதந்திக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை விழுந்தாயிற்று.

கொலைக்கு அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? அடித்தவர்களே செல்போனில் எடுத்த காட்சியை வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, இசை போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அந்த அம்மாவின் முகத்தைக்கூட மறைக்கத் தோன்றவில்லை.

2018 ஜூலையில் வாட்ஸப் கம்பெனியே பயந்துபோய், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் பண்ண முடியாது என்று கட்டுப்பாடு கொண்டு வந்தது. ஒரு கம்பெனிக்கே அந்தளவு உறைத்தது. ஐந்து பேருக்கு மேல் அனுப்ப எனக்குத் தடை. ஐந்து லட்சம் வீட்டுக்கு அனுப்பும் டிவிக்கு?

*

அடுத்தது 2023 மார்ச் முதல் வாரம். 13-ஆம் தேதி எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை ஆரம்பம்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு மாடி ரூமில் ஆறு பையன்கள் இருந்தார்கள். பீகார், ஜார்கண்ட். டேனரியில் வேலை. எங்கள் பக்கம் பச்சைத் தோலை உப்பு உதறி, ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, டிரம்மில் ஏற்றி இறக்கும் கடினமான வேலைகளில் இப்போது நிறைய வடமாநில ஆட்கள்தான். அந்த ஆறு பேரில் ஒருவன் என் அம்மாவிடம் குழம்பு வாங்கிப் போக வருவான். அன்றைக்கு ராத்திரி வந்தவன் கையில் பாத்திரம் இல்லை, போன் இருந்தது. வாசலிலேயே நின்று ஒரு வீடியோவைக் காட்டினான். பத்துப் பதினைந்து பேர் ஒருவனை வெட்டுகிறார்கள். மேலே இந்தியில் என்னவோ எழுதியிருந்தது. தமிழ்நாடு என்ற எழுத்தை அவனே விரலால் தொட்டுக் காட்டினான்.

"தம்பி, இது எந்த ஊரு?"

நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பின்னால் இரண்டு கடை போர்டு இருந்தது. ஒன்றில்கூடத் தமிழ் எழுத்து இல்லை. "இது நம்ம ஊரே இல்லண்ணா" என்றேன். அவன் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. ஊரிலிருந்து அவன் அம்மா மணிக்கொரு தரம் போன் பண்ணி அழுதுகொண்டிருந்தாள். இரண்டு நாளில் ஆறு பேரும் காட்பாடி போய் ரயில் ஏறிவிட்டார்கள். ஹோலிக்கு எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள்தான் (அந்த வருஷம் மார்ச் 8), ஆனால் இந்த முறை டிரங்குப் பெட்டியோடு போனார்கள். திரும்பி வந்தது நாலு பேர். குழம்பு வாங்க வருகிறவன் வரவே இல்லை.

மக்களே, அவன் கேட்டதைக் கவனியுங்கள். "இது எந்த ஊரு?" படிப்பு எட்டாவதோ ஒன்பதாவதோ. பத்திரிகைத் துறையில் முதல் நாள் பாடம் அதுதான். அந்தக் கேள்வியை அவன் கேட்டான். பத்திரிகை நடத்துகிறவர்கள் கேட்கவில்லை.

நடந்தது என்ன? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வேட்டையாடுகிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. தைனிக் பாஸ்கர் மாதிரி கோடிக்கணக்கான பேர் படிக்கும் இந்திப் பத்திரிகையே அதைச் செய்தியாகப் போட்டது. பீகார் சட்டசபையில் அமளி. தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு தானே வீடியோவில் வந்து, சுற்றும் இரண்டு வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல் என்று விளக்கினார். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பிப் பார்த்தது. ஆல்ட் நியூஸ் போன்றவர்கள் ஒவ்வொரு வீடியோவாக எடுத்து எங்கே, எப்போது என்று பிரித்துப் போட்டார்கள். அந்த வேலைக்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். காட்சியை நிறுத்தி ஒரு படத்தைக் கூகுளில் போட்டுத் தேடுவது, போர்டைப் படிப்பது, அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் அடிப்பது. தைனிக் பாஸ்கர் ஆபீசில் போன் இல்லையா?

மணீஷ் காஷ்யப் என்ற பீகார் யூடியூபர் விவகாரம் இதன் உச்சம். கட்டுப்போட்ட ஆட்களைக் காட்டி அவர் போட்ட ஒரு வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடிக்கவைத்து எடுத்தது என்று பீகார் போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவே சொன்னது. மார்ச் 18-ல் சரணடைந்தார். தமிழ்நாடு போலீஸ் தேசியப் பாதுகாப்புச் சட்டமே போட்டது. இது எனக்கு உடன்பாடில்லை. பொய்ச் செய்திக்குப் பொய்ச் செய்திக்கான வழக்குப் போடு, தேசத்துக்கே ஆபத்து என்று ஆளை உள்ளே தள்ளாதே. அந்த நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அந்தத் தடுப்புக் காவலை ரத்து செய்தது.

இந்திக்காரன் செய்தான், நாம் யோக்கியம் என்று மார்தட்டவும் முடியாது. அந்தப் பிப்ரவரியில் ஓடும் ரயிலில் ஒரு ஆள் வடமாநிலத் தொழிலாளர்களைத் திட்டி அடித்த வீடியோ வந்ததே, அது நிஜம். ரயில்வே போலீஸ் அந்த ஆளைக் கைது செய்தது. தமிழ் யூடியூப் சேனல்களில் "வடக்கன்" என்று தலைப்பு வைத்தால் பார்வை எகிறும் என்பது ஊரறிந்த ரகசியம். காட்பாடி ஸ்டேஷனுக்கு மைக்கோடு போன ஒரு சேனல்காரர், பெட்டியோடு நின்ற பையன்களிடம் "பயந்து ஓடுறீங்களா?" என்று கேட்டார். அவர்கள் "ஹோலி, ஹோலி" என்று சிரித்துக்கொண்டு சொன்னார்கள். முகப்புப் படத்தில் என்ன இருந்தது என்கிறீர்கள்? ஒரு பையன் கண்ணைக் கசக்கும் போட்டோ, சிவப்பு எழுத்தில் "தமிழகத்தை விட்டு ஓடும் வடமாநிலத்தவர்". பையன் கண்ணில் தூசி விழுந்திருக்கும். வீடியோவுக்குள்ளே உண்மை இருந்தது, வாசலில் பொய்யை நிற்க வைத்தார்கள். வாசலோடு போகிறவர்கள்தான் அதிகம் என்று அவருக்குத் தெரியாதா?

*

இதுவரை சொன்னது, இருக்கும் வீடியோவைத் தப்பாகப் பயன்படுத்துவது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. வீடியோ இல்லாததெல்லாம் நடக்காதது மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். நல்ல மழை பெய்தால் ஆம்பூர் பக்கம் மாராப்பட்டில் ஆற்றில் வெள்ளையாக நுரை பொங்கும். உடனே செல்போன்கள் வெளியே வரும். அன்று சாயங்காலமே "நுரை பொங்கும் பாலாறு, வைரல் வீடியோ". முப்பது செகண்ட், சோக வயலின். அடுத்த மழைக்கு அதே வயலின்.

வீடியோவில் நுரை தெரிகிறது. எந்தக் கால்வாயில் வந்தது என்று தெரியுமா? மழையைச் சாக்காக வைத்துக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். டேனரிக்காரர்களைக் கேட்டால், நகராட்சிச் சாக்கடையும் அதே ஆற்றில்தானே விழுகிறது என்பார்கள். இரண்டில் எது எவ்வளவு? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்றைக்குத் தண்ணீர் எடுத்துச் சோதித்ததா? கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அன்றைக்கு எவ்வளவு இருந்தது? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றனவே, அந்த ராத்திரி அங்கே மோட்டார் ஓடியதா? இதையெல்லாம் கேட்க ஆள் வேண்டும். ஒரு ஆர்.டி.ஐ. போட்டுக் காத்திருக்க வேண்டும். நுரை இரண்டு நாளில் அடங்கிவிடும், பதில் வர இரண்டு மாசமாகும். பதில் வைரல் ஆகாது. எனவே கேள்வியும் கிடையாது.

ஆனால் வீடியோ இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஆணியடித்த தீர்ப்பு. இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் நம்ம வேலூர் பெயரைச் சொல்லித்தான் பாடம் எடுக்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் என்ன ஆதாரம் வருகிறது? டேனரிகள் இருந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கொடுத்த கணக்கு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த சர்வே: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. யாரோ வெயிலில் நடந்து கிணறு கிணறாக எண்ணியிருக்கிறார்கள். அந்த 350 என்ற எண் நீதிமன்றத்தில் நின்றது. வயலின் போட்ட வீடியோ நிற்குமா?

அந்தத் தீர்ப்புக்கு 28 வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30-ல், இதே வேலூர் டேனரி மாசு பற்றி, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சேர வேண்டிய இழப்பீடு பற்றி, உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு பெரிய தீர்ப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. நியாயமாகப் பார்த்தால் மாசக்கணக்கில் பேச வேண்டிய விஷயம். எத்தனை யூடியூப் சேனல் கிராமம் கிராமமாகப் போய், "உங்களுக்குப் பணம் வந்ததா?" என்று கேட்டது? என் கண்ணில் பட்டது மிகக் குறைவு. நுரை மட்டும் தவறாமல் கண்ணில் படுகிறது.

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் கெமிக்கல்ஸ் என்ற கம்பெனி மூடிப்போன பிறகும் குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன் வெட்டவெளியில் கிடந்தது. 2006-ல் அமெரிக்காவின் ப்ளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆனால் கழிவு மலை அசையாது, ஆடாது, கத்தாது. முப்பது செகண்ட் எடுத்தாலும் மூன்று மணி நேரம் எடுத்தாலும் ஒரே காட்சிதான். வைரல் ஆவதற்கு அதற்கு வழியே இல்லை.

2015 ஜனவரி 31, விடிவதற்கு முன். ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் உடைந்த அந்த நிமிஷத்துக்கு வைரல் வீடியோ எதையும் நான் பார்த்ததில்லை. என் வகுப்பில் இருக்கும் வேலூர், ராணிப்பேட்டைப் பசங்களிடம் கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை தூங்கிய வீடியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தூங்கியபடியே செத்த பத்துப் பேரைப் பற்றி இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

*

"அப்போ வீடியோவே வேண்டாம்ங்கறியா? தாத்தா மாதிரிப் பேசாதடா" என்று ரூம்மேட் கத்துகிறான். இல்லை ராசா.

2018 மே மாசம் அத்திமூரில் அந்த அம்மாவைக் கொன்ற அதே மாசம், 22-ஆம் தேதி தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. மஞ்சள் டிசர்ட் போட்ட போலீஸ்காரர் வேன் மேலே ஏறிக் குறிபார்க்கும் காட்சி மட்டும் இல்லையென்றால், "கூட்டத்தைக் கலைக்க வேறு வழியில்லை" என்ற ஒரு வரியோடு கதை முடிந்திருக்கும். அடுத்த நாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரியில் அரசு இணையத்தை முடக்கியது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் வரம்பு மீறியது என்றே அறிக்கை கொடுத்தது. 2022 அக்டோபரில் அது சட்டசபையில் வைக்கப்பட்டது.

அமெரிக்காவில் 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்டு செத்தபோது போலீசின் முதல் அறிக்கை அதை ஏதோ உடல்நலக் கோளாறு மாதிரி எழுதியது. டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் தன் செல்போனில் எடுத்த வீடியோதான் அந்தப் பொய்யை உடைத்தது. 2021-ல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது.

எனவே வீடியோ எனக்கு எதிரி கிடையாது. தூத்துக்குடி வீடியோவையும் கராச்சி வீடியோவையும் பிரிப்பது எது? முதலாவதில் யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று எல்லாம் தெரியும். கேமராவுக்குப் பின்னால் பொறுப்பேற்க ஒரு ஆள் இருந்தார். செத்தவர்களுக்குப் பெயரும் வீடும் இருந்தன, நிருபர்கள் அந்த வீடுகளுக்குப் போனார்கள். இரண்டாவதில் ஒன்றும் கிடையாது. போனில் பார்க்கும்போது இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும். வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் அய்யா உங்களுக்குப் பத்திரிகையாளர் என்று பெயர்.

இன்னொரு சப்பைக்கட்டு: "நேரமில்லை. நாங்கள் போடாவிட்டால் அடுத்தவன் போட்டுவிடுவான்." அடுத்தவன் போடட்டுமே! 2018-ல் ஒரு நாள் லேட்டாகச் சரியாகச் சொல்லியிருந்தால் ஒரு அம்மா உயிரோடு இருந்திருக்கலாம். வேகமாகச் சொன்னதால் பிழைத்தவர் என்று ஒருவரைக் காட்டுங்கள்.

மூன்றாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தாலுகா அளவில் அலையும் நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பெட்ரோல் காசும் சொந்தக் காசு. ஆபீசிலிருந்து போன் வரும்: "அந்த வீடியோ உன் ஏரியாவாமே, பத்து நிமிஷத்துல அனுப்பு." அவர் எங்கே போய் விசாரிப்பார்? இந்தக் கோபம் அவர் மேல் இல்லை. நிருபரை அனுப்பும் செலவை மிச்சம் பிடித்து, அந்த இடத்தில் ஊரான் எடுத்த வீடியோவை ஓசியில் ஓட்டும் முதலாளி மேல்தான். எடுத்தவன் பெயரைக்கூடப் போடாமல் தன் லோகோவை ஒட்டிக்கொள்கிறார்களே, அதற்கு என்ன பெயர்?

யூடியூபர் பத்திரிகையாளரா என்று இன்னொரு பக்கம் சண்டை நடக்கிறது. எனக்கு அந்தச் சண்டை வெறும் ஜல்லி. கழுத்தில் அட்டை இருக்கிறதா என்று நான் பார்க்க மாட்டேன். "இது எந்த ஊரு?" என்று கேட்டானா, அதை மட்டும் பார்ப்பேன். கேட்டால் மாடியில் உட்கார்ந்து தனியாளாக நடத்துகிறவனும் பத்திரிகையாளன்தான். கேட்காவிட்டால் நூறு வருஷப் பத்திரிகையும் ஒரு ஃபார்வர்ட் குரூப்தான். அரசாங்கம் சரிபார்க்கட்டும் என்று விடுவதும் ஆகாது. 2023 கடைசியில் தமிழக அரசே தகவல் சரிபார்ப்பகம் என்று ஒன்றை ஆரம்பித்தது. வதந்தியை அடக்க உதவலாம். ஆனால் தூத்துக்குடி மாதிரி ஒன்று நடக்கும்போது அரசைப் பற்றிய வீடியோவை அரசே சரிபார்த்தால் எப்படி இருக்கும்?

*

நான் கேட்பது பெரிய லிஸ்ட் இல்லை.

1. வீடியோ போட்டால் ஊர், தேதி, எடுத்தவர், இந்த மூன்றும் கூடவே வரட்டும். ஒன்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று பெரிதாக எழுதுங்கள். மூன்றுமே தெரியாவிட்டால் போடாதீர்கள். உலகம் அழியாது.

2. முழு வீடியோவைப் பார்க்காமல் வெட்டிய துண்டைப் போடாதீர்கள். கராச்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அடிவாங்குகிறவர் முகத்தையும் குழந்தைகள் முகத்தையும் மறையுங்கள். அடிக்கிறவன் முகத்தைக் காட்ட மட்டும் யோசிக்கிறீர்களே, அந்த யோசனையில் பாதி போதும்.

4. தப்பாகப் போட்டுவிட்டால், போட்ட அதே இடத்தில் அதே சிவப்பு எழுத்தில் தப்பு என்று சொல்லுங்கள். வீடியோவைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு நழுவுவது திருத்தம் ஆகாது.

5. வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி, வைரல் ஆகாத விஷயம் ஒன்றைப் பற்றி, ஒரு நிருபரை பஸ் ஏற்றி அனுப்பி எழுதுங்கள். மாராப்பட்டில் ஆரம்பிக்கலாம். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி நான் காட்டுகிறேன்.

நமக்கும் ஒன்று. 2018-ல் அந்தக் குழந்தை கடத்தல் ஆடியோவை அம்மா போனிலிருந்து பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் ஃபார்வர்ட் பண்ணியது நான்தான். பன்னிரண்டு வயசு, விளையாட்டு மாதிரி இருந்தது. போர்வைக்காரரிடம் ஆதார் கேட்ட கூட்டத்தை அப்படிச் சேர்த்ததில் என் கட்டைவிரலுக்கும் பங்கு உண்டு. எனவே அடுத்த முறை அடிதடி வீடியோ ஏதாவது வந்தால், அனுப்பியவரிடம் அது எந்த ஊர் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் பதில் சொல்ல மாட்டார்கள். அதற்கப்புறம் அதை மேலே அனுப்ப உங்களுக்கே மனசு வராது.

டிஸ்கி: பத்திரிகைத் துறையில் சேரப்போகும் நண்பன் ஒருவன் இதைப் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் எழுதினா எனக்கு எவன்டா வேலை குடுப்பான்?" என்றான். நியாயமான பயம்தான். ஆனால் அந்த டேனரிப் பையனின் பயம் அதைவிடப் பெரியது.